குறட்டை விடாத முதலாளி

"என் தலையணையைத் திருடிட்டாங்க!" என்றான் உள்ளே வந்த இளைஞன்.

லாண்ட்ரிக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் துப்பறியும் அலுவலகத்துக்குக் காலையிலேயே ஆள் வருவது அபூர்வம். வந்த ஆளும் தலையணையைத் தேடி வந்திருக்கிறான் என்றதும் உதவியாளன் தந்திக்கு இருந்த கொஞ்சநஞ்ச சுறுசுறுப்பும் போய்விட்டது.

"கட்டிலுக்கு அடியில பாத்தீங்களா சார்? பெரும்பாலும் அங்கதான் இருக்கும்."

"தந்தி, வாயை மூடு" என்றார் மேடம்.

அவனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. காதில் விழுந்தது எதுவும் அவன் வாயில் தங்காது. தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்துவிடும். ரகசியம் காக்க வேண்டிய தொழிலில் இப்படி ஓர் ஓட்டைவாயனை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், "விளம்பரச் செலவு மிச்சம்" என்பார் மேடம். அவர் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவர். எரியாத கடைக்கும் சாகாத மாட்டுக்கும் பணம் கேட்டு வந்தவர்களின் முகங்களைப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்தவர். பொய் பக்கத்துத் தெருவில் வரும்போதே அவருக்கு மூக்கு வேர்த்துவிடும்.

வந்தவன் ஓர் அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தான். தூங்கிப் பல நாள் ஆன கண்கள். சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் எட்டிப் பார்த்தது.

"நான் ஒரு கண்டுபிடிப்பாளன் மேடம். இது குறட்டைத் தலையணை. உள்ள ஒரு சின்ன மைக் இருக்கும். குறட்டை கேட்டதும் பம்ப் ஒரு பக்கத்துப் பையில காத்தை ஏத்தும். தலை மெதுவா இன்னொரு பக்கம் சாயும். குறட்டை நின்னுடும். தூங்கறவருக்கு ஒண்ணுமே தெரியாது."

"பம்ப் கத்தி ஊரை எழுப்பிடாதா?" என்றான் தந்தி.

கண்டுபிடிப்பாளன் நிமிர்ந்தான். திருட்டு நடந்ததைவிட அந்தக் கேள்விதான் அவனை அதிகம் புண்படுத்தியது போலிருந்தது. "எறும்பு தும்மினா எவ்வளவு கேக்குமோ, அவ்வளவுகூட கேக்காது. அதுக்காகவே பம்பை எத்தனை தடவை பிரிச்சுப் பண்ணியிருக்கேன் தெரியுமா?"

"சரி தம்பி, திருட்டுக்கு வாங்க" என்றார் மேடம்.

வந்தான். செய்திருப்பது ஒரே ஒரு தலையணை. இன்னொன்று செய்யக் கையில் காசில்லை. பணம் போட ஆள் தேடி, கோட்டு போட்டவர், போடாதவர் என்று எல்லார் வாசலும் ஏறி இறங்கிவிட்டான். கடைசியில் நுரை மெத்தையும் தலையணையும் செய்யும் கம்பெனி முதலாளி ஒருவர், "ஒரு வாரம் நானே வீட்டுல வச்சுப் படுத்துப் பாக்கறேன்" என்று வாங்கிப் போனார். வாரம் முடிந்ததும், 'வேலை செய்யவில்லை' என்ற சொல்லோடு பெட்டி திரும்பி வந்தது. மனம் வெறுத்து அதைப் பிரிக்காமலே மூலையில் போட்டுவிட்டான்.

"இன்னிக்குச் சாயங்காலம் ஓட்டல்காரர் ஒருத்தர் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். அதுக்காகக் காலையில பிரிச்சேன். உறை என்னோடதுதான். உள்ள இருக்கறது என்னோடது இல்ல." அவன் பெட்டியைத் தடவினான். "இதுதான் கடைசி மேடம். இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா நாளையிலேர்ந்து அக்கா வீட்டுக்காரரோட டயர் கடையில உக்காரணும். அக்காகிட்ட வாக்குக் கொடுத்துட்டேன்."

"டயரும் காத்து ஏத்தற வேலைதானே" என்ற தந்தியை மேடம் பார்த்த பார்வையில் அவனுடைய காற்று இறங்கிவிட்டது.

மேடம் பெட்டியைத் திறந்தார். உறையின் மூலையில் நூலால் ஒரு சின்னக் காது பின்னப்பட்டிருந்தது. அது அக்காவின் கைவேலையாம். உள்ளே இருந்ததோ சாதாரணப் பஞ்சுத் தலையணை. எடை சரியாக இருக்க வேண்டும் என்று அதனோடு மூன்று புத்தகங்களையும் யாரோ வைத்துக் கட்டியிருந்தார்கள். மூன்றும் பாக்கெட் துப்பறியும் நாவல்கள். படித்துப் படித்து முதுகு பிளந்தவை.

"மேடம், இதை நான் படிச்சதே இல்ல!" என்று ஒன்றைப் பாய்ந்து எடுத்துக்கொண்டான் தந்தி. அட்டையில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்; அவளுக்குப் பின்னால் ஒரு நிழல்.

"இதையெல்லாம் நீ எப்பப்பா படிப்பே?"

"ராத்திரிதான் மேடம். தூக்கம் வராதப்ப."

"ம்" என்றார் மேடம். பிறகு தலையணையைப் புரட்டினார். மூன்று மூலைகள் கொழுகொழுவென்று இருந்தன. நான்காவது மூலை மட்டும் இளைத்துப்போயிருந்தது. அந்த மூலைத் தையலைப் பிரித்திருந்தார்கள், தைத்திருந்தார்கள், மறுபடி பிரித்துத் தைத்திருந்தார்கள். வெள்ளை நூல், நீல நூல், மஞ்சள் நூல்.

"எலி" என்றான் தந்தி.

"ஊசி நூல் வச்சிருக்கற எலியா?"

"சந்தேகமே இல்ல மேடம், அந்த முதலாளிதான்" என்று கொதித்தான் கண்டுபிடிப்பாளன். "என் மெஷினை எடுத்து வச்சுக்கிட்டு, பிரிச்சுப் பாத்து, தானே பண்ணி விக்கப் போறார்."

மேடம் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "எனக்கு வேற ஒரு கேள்விதான் இடிக்குது. நாள் முழுக்க நுரைத் தலையணை செய்யற மனுஷன் வீட்டுல பஞ்சுத் தலையணைக்கு என்ன வேலை?"

மெத்தைக் கம்பெனியின் முன்கூடத்தில் நாற்காலியே கிடையாது. வருகிறவர்கள் சரக்கின் மேலேயே உட்கார வேண்டும் என்பது முதலாளியின் வியாபார மூளை. தந்தி ஒரு மெத்தையில் உட்கார்ந்தான், இடுப்புவரை உள்ளே போனான்.

"முதலாளியைப் பாக்கணும்" என்றார் மேடம்.

செகரெட்டரி உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா பேசுங்க. முதலாளி யோசனையில இருக்கார்."

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்த யோசனை கேட்டது. முதலில் மேசையை இழுப்பது போல ஒரு சத்தம். பிறகு ஒரு விசில். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. ஆள் போய்விட்டாரோ என்று பயந்து தந்தி எழப் பார்த்தபோது, மரம் அறுக்கிற மாதிரி மறுபடி தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த விருதுச் சட்டம் ஒன்று லேசாக ஆடியது. இதெல்லாம் பழக்கம் போலிருக்கிறது. ஒரு குமாஸ்தா எழுந்துபோய் ஒன்றையும் அச்சடிக்காத பிரிண்டரை ஓடவிட்டார், இன்னொருவர் ஃபேனைக் கூட்டினார். யார் முகத்திலும் ஒரு சலனம் இல்லை.

"ரொம்ப ஆழமான யோசனை" என்றான் தந்தி.

"தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி கொஞ்சம், பின்னாடி கொஞ்சம்" என்றாள் செகரெட்டரி. "முன்னே ஒரு மேனேஜர் இதுக்கு வேற பேர் வச்சுக் கூப்பிட்டார்."

"இப்ப அவர் எங்க?"

"அவரும் வீட்டுல யோசனையிலதான் இருக்கார்."

கண்டுபிடிப்பாளன் வாயைப் பிளந்துகொண்டு, மூடியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். 'ஒரு வாரம் படுத்தேன், வேலை செய்யவில்லை' என்று சொன்ன மனிதரின் சத்தமா இது? மேடம் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

சத்தம் சட்டென்று நின்றது. "...ஆகவே விலையைக் குறைக்கவே கூடாது!" என்று உள்ளே கர்ஜனை கேட்டது. தூங்கப் போனபோது விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே பிடித்துவிட்டார் முதலாளி. செகரெட்டரி கதவைத் திறந்துவிட்டாள்.

முதலாளி ஆஜானுபாகு. கன்னத்தில் மேசைத்துணியின் கட்டம் பதிந்திருந்தது. கண்டுபிடிப்பாளனைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"நீயா? உன்கிட்டதான் சொல்லியாச்சே. வேலை செய்யாத சாமான்."

"நீங்கதான் சார் திருடியிருக்கீங்க!"

"திருடறதா இருந்தா வேலை செய்யறதைத் திருட மாட்டேனா? நான் வியாபாரிப்பா." அவர் மேடம் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. ஒரு வாரம் அதுமேலதான் படுத்தேன். காலையில எழுந்து பாத்தா வச்ச இடத்துல வச்சபடியே கிடக்குது. ஒரு அசைவு உண்டா? கிடையாது."

"நீங்க குறட்டை விட்டாத்தானே சார் அது அசையும்?" என்று மேடம் ரொம்பப் பவ்யமாகக் கேட்டார்.

"அதான் விஷயமே. எங்க வம்சத்துலயே குறட்டை கிடையாது. குறட்டைங்கறது ஒழுங்கு இல்லாதவங்களுக்கு வர்ற வியாதி. நான் அதுல பணம் போட்டா ஊர்ல என்ன பேசுவாங்க? 'ஓகோ, இவருக்கும் இருக்குபோல'ன்னு பேச மாட்டாங்க?"

தந்தி சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டில் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையிலிருந்த நாவலைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டான். முதலாளி அதற்குள் இன்டர்காமை அழுத்தினார்.

"ஏம்மா, பிளம்பர் இன்னுமா வரல? கொஞ்ச நாளா வீட்டுல ராத்திரியில ஏதோ சத்தம்மா. குழாய்ல காத்து மாட்டிக்கிட்ட மாதிரி, புர்ருனு. தூக்கமே கெட்டுப்போகுது."

மேடத்தின் புருவம் உயர்ந்ததைத் தந்தி கவனித்தான். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். போகிற போக்கில் செகரெட்டரியின் மேசையருகே நின்றார்.

"ஏம்மா, வீட்டு அம்மா எப்படி? அவங்களும் கம்பெனியைப் பாத்துக்கறாங்களா?"

"பாதிக் கம்பெனி அம்மா பேர்லதான். செக்குல ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு என்னவோ பயமா இருக்கு மேடம். இத்தனை வருஷமா போன் எடுத்தாலே எரிஞ்சு விழுவாங்க. இப்பக் கொஞ்ச நாளா 'நல்லா இருக்கியாம்மா, சாப்பிட்டியா'ன்னு கேக்கறாங்க. நேத்து பாட்டுகூடப் பாடினாங்க. வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களோ என்னமோ."

தெருவுக்கு வந்ததும் மேடம் வேகமாக நடந்தார். பின்னால் ஓடி வந்த கண்டுபிடிப்பாளன், "எங்க மேடம் போறோம்?" என்றான்.

"முதலாளி வீட்டுக்கு. உன் தலையணை அங்கதான் இருக்கு. ராத்திரியில புர்ருனு சத்தம் கேக்குதுன்னாரே, அது குழாய் இல்ல தம்பி. உன் பம்ப்."

"என் பம்ப் சத்தமே போடாது மேடம்!"

"கொஞ்சமாவது போடும்."

"போடவே போடாது!"

"சரி, நீ பெத்த பிள்ளை, நீ அப்படித்தான் சொல்லுவே" என்று மேடம் அதைத் தள்ளிவிட்டார்.

மணியடித்ததும் கதவைத் திறந்தது முதலாளியம்மாவேதான். சின்னப் பெண் மாதிரி முகம் தெளிந்திருந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தவர் மூவரையும் பார்த்து, "யாரு நீங்க?" என்றார்.

மேடம் பையிலிருந்து புத்தகங்களை எடுத்து நீட்டினார். "உங்க நாவல்களைத் திருப்பிக் கொடுக்க வந்தோம்மா. ரெண்டுதான் இருக்கு. மூணாவதை என் அசிஸ்டென்ட் இன்னும் முடிக்கல."

முதலாளியம்மா புத்தகங்களைப் பார்த்தார். உறையில் இருந்த நூல் காதைப் பார்த்தார். பாட்டு நின்றுபோயிற்று. "உள்ள வாங்க" என்றார் கடைசியில். "காபி குடிக்கறீங்களா?"

கூடத்தில் உட்கார்ந்ததும் கண்டுபிடிப்பாளன் பொறுமை இழந்தான். "மேடம், என்ன நடக்குது இங்க?"

"இந்த மூலையைப் பாரு தம்பி." மேடம் தலையணையின் இளைத்த மூலையைத் தூக்கிக் காட்டினார். "வருஷக்கணக்கா இதுலேர்ந்து துளித் துளியா யாரோ பஞ்சு எடுத்திருக்காங்க. விளக்குத் திரிக்கோ காயத்துக்கோ எடுக்கறவங்க பஞ்சுப் பொட்டலம் வாங்கி வச்சிருப்பாங்க. தலையணையைப் பிய்க்கறது யாரு? படுத்த பிறகு, இருட்டுல, அவசரமா, ரெண்டே ரெண்டு உருண்டை வேணுங்கறவங்க. காதுக்கு. அப்புறம் இந்தப் புத்தகங்கள். ராத்திரி தூக்கம் வராதவங்க படிச்சுத் தேஞ்சது. அவ்வளவு பிரியமான பஞ்சையும் புத்தகத்தையும் ஒருத்தர் சேத்துக் கட்டி வீட்டைவிட்டு அனுப்பறாங்கன்னா என்ன அர்த்தம்? அது ரெண்டும் இனிமே தேவையில்லாத மாதிரி வேற ஒண்ணு கிடைச்சிடுச்சு."

"ஏம்மா பஞ்சு?" என்று தந்தி கேட்டான். "வீடு நிறைய நுரைதானே?"

"எங்க நுரை காதுல நிக்காதுப்பா" என்றார் முதலாளியம்மா. "உள்ள வச்சா துள்ளி வெளிய வந்துடும். நல்ல தரம்." சொல்லிவிட்டுச் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தார். "ஆமாம், நான்தான் எடுத்தேன். போலீஸைக் கூப்பிடுங்க. ஜெயில்லயாவது நிம்மதியாத் தூங்கலாம்."

மேடம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஒரு ராத்திரி முழுசாத் தூங்கினதில்ல. அடுத்த ரூம்ல போய்ப் படுத்தும் பாத்துட்டேன், சுவர் அதிருது. அவர்கிட்ட சொன்னா, 'நான் குறட்டை விட்டா எனக்குக் கேக்காதா?'ன்னு கேக்கறார். இதுக்கு என்ன பதில் சொல்றது? அப்பத்தான் இந்தத் தலையணை வந்தது. முதல் நாள் ராத்திரி அவர் தொடங்கினார். தலை மெதுவாத் திரும்புச்சு. சத்தம் நின்னுடுச்சு. ஆளே போயிட்டாரோன்னு பயந்துட்டேன். மூக்குல கை வச்சுப் பாத்தேன். மூச்சு வந்துது. அப்புறம் பாத்தா விடிஞ்சுபோச்சு." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "காலையில சமையல்கட்டுல நின்னு அழுதேம்மா. தூங்கி எழுந்தா இப்படியா இருக்கும்? ஊர்ல எல்லாரும் தினமும் இப்படித்தான் எழுந்திருக்காங்களா?"

"அப்புறம் அவர் திருப்பி அனுப்பச் சொன்னார்" என்றார் மேடம்.

"ஆமாம். நான் உறையை மட்டும் கழட்டி என் தலையணைக்குப் போட்டு அனுப்பிட்டேன். அதுக்கு வேற உறை போட்டு அவர் தலைமாட்டுலயே வச்சுட்டேன். தினமும் அதுமேலதான் தூங்கறார். அவருக்கே தெரியாது."

தந்தி தலையில் கைவைத்துக்கொண்டான். திருட்டுப் பொருள்மேல் தலை வைத்துத் தூங்குகிறவரே அது வேலை செய்யாத சாமான் என்று சாதிக்கிறாரே!

கண்டுபிடிப்பாளன் கோபமாக ஏதோ சொல்வான் என்று தந்தி எதிர்பார்த்தான். அவனோ முதலாளியம்மாவின் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"அம்மா, நிஜமாவே வேலை செஞ்சுதா?"

"ஏன்ப்பா, உனக்கே தெரியாதா?"

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட வேலை செஞ்சுதுன்னு சொன்னதில்லம்மா. எங்க அக்கா வீட்டுக்காரர்கூடத் தூக்கிப் போட்டுட்டார்." அவன் மூக்கை உறிஞ்சினான். சந்தோஷம் தாங்காமல் அவன் அழுவதைப் பார்க்கத் தந்திக்கே என்னவோ போலிருந்தது.

"ஏன் தம்பி, இதுவரைக்கும் யார் யார்கிட்ட காட்டினே?" என்றார் மேடம்.

"பணம் வச்சிருக்கறவங்ககிட்ட. ஒவ்வொருத்தரையும் படுத்துப் பாக்கச் சொன்னேன்."

"குறட்டை விடறவனுக்குக் குறட்டையும் கேக்காது, அது நின்னதும் தெரியாது. பக்கத்துல படுக்கறவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டியா? அக்காவைக் கேட்டியா?"

இத்தனை பிரித்துப் பூட்டினவனுக்கு இந்த ஒரு திருகாணி கண்ணில் படவே இல்லை.

"எல்லாம் சரி" என்றார் முதலாளியம்மா. உள்ளே போய்த் தலையணையை எடுத்து வந்திருந்தார். ஆனால் கொடுக்கவில்லை, நெஞ்சோடு அணைத்திருந்தார். "நீ எடுத்துட்டுப் போயிட்டா இன்னிக்கு ராத்திரி நான் என்ன பண்றது?"

"உங்களுக்கு ஒண்ணு பண்ணித் தரேம்மா. ஆனா அதுக்குப் பணம் வேணும். பணம் கிடைக்க இந்தத் தலையணை வேணும்."

"அவர் கையெழுத்தும் வேணுமே. குறட்டைன்னு பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவார்."

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் ஹார்ன் கேட்டது. முதலாளி சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்.

கூடத்தில் தன் மனைவி, துப்பறிகிறவர்கள், அந்தப் பையன், நடுவில் இரண்டு தலையணைகள் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இங்கயும் வந்தாச்சா?" என்று உறுமினார்.

மேடம் எழுந்தார். பத்து இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டுகளின் பணிவு அவர் முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"மன்னிப்புக் கேக்கத்தான் சார் வந்தோம். தப்பு எங்க பக்கம். பையன் சின்னப் பையன், விவரம் பத்தல. இதைக் குறட்டைத் தலையணைன்னு சொல்லிட்டான். இது அதுக்கே இல்ல."

"பின்னே?"

"உங்களை மாதிரி பெரிய பொறுப்புல இருக்கறவங்களுக்கு, படுத்தாலும் மூளை படுக்காது பாருங்க. ராத்திரியெல்லாம் யோசனை ஓடிக்கிட்டே இருக்கும். அந்த யோசனை வெளிய கேக்கறது உண்டு. சாதாரண ஆளுங்களுக்கு அது வராது."

முதலாளி மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

"அது... எனக்கு உண்டு" என்றார் கம்பீரமாக. "ஆபீஸ்லயே எல்லாரும் சொல்வாங்க. ஆழமா யோசிப்பார்னு."

தந்தியின் காலை மேடம் நன்றாக மிதித்தார்.

"அந்த ஆளுங்களுக்குத்தான் சார் இந்தத் தலையணை. யோசனை உள்ளேயே நிக்கும். பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு இல்ல. பேரே 'யோசனைத் தலையணை'."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று முதலாளி பையன்மேல் பாய்ந்தார். "இதை எந்தப் பெரிய மனுஷன் வாங்க மாட்டான்? வேற யார்கிட்டயாவது காட்டியிருக்கியா?"

"இன்னிக்குச் சாயங்காலம் ஒரு ஓட்டல்காரர்கிட்ட..."

"ஓட்டல்காரனுக்கு என்ன யோசனை வரப்போகுது? வரலைன்னு சொல்லிடு."

"மொத்தமா வாங்கிடலாம்னு நினைக்காதீங்க" என்றார் முதலாளியம்மா. அதற்குள் செக் புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. "பணம் நம்மது. மூளை பையனோடது. பாதிப் பாதி. சம்மதம்னாதான் என் கையெழுத்து."

முதலாளி மனைவியைப் பார்த்தார். இத்தனை தெளிவான முகத்தோடு அவரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று போலிருக்கிறது. மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார். கையில் செக்கோடு நின்ற கண்டுபிடிப்பாளன் அழுகிறானா சிரிக்கிறானா என்று தந்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "அக்காவுக்குப் போன் பண்ணணும்" என்றே அவன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போட்ட பணத்துக்குச் சரக்கைச் சோதிக்க வேண்டாமா?" என்று முதலாளி மனைவியிடமிருந்து தலையணையை வாங்கிப் பெரிய சோபாவில் சாய்ந்தார். "கொஞ்ச நேரம் யோசிக்கறேன்."

அவர் யோசனை ஆரம்பித்தது. மேசை நகர்ந்தது, விசில் வந்தது. தலையணையின் ஒரு பக்கம் தானாக எழும்பியது. அவர் தலை மெல்லச் சாய்ந்தது, வாய் மூடிக்கொண்டது. கூடம் முழுக்க அமைதி. கண்டுபிடிப்பாளன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.

தந்தி, கையெழுத்துப் போட்ட பேனாவோடு சாய்வு நாற்காலிக்கு மாறியிருந்த முதலாளியம்மாவிடம் குனிந்து ரகசியமாக, "அம்மா, இந்த நாவல்ல நான் இன்னும் பாதியிலதான் இருக்கேன். கதை எப்படிப் போகும்?" என்றான்.

"டாக்டர்தான் கொலை பண்ணினது" என்றார் அவர், கண்ணை மூடியபடியே.

தந்தி நாவலைச் சோகமாக மூடினான். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

புர்ர்ர்.

எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். அவர் வாய் மூடித்தான் இருந்தது. மேடம் வெற்றியோடு கண்டுபிடிப்பாளன் பக்கம் திரும்பி, "கேட்டியா? உன் பம்ப்" என்று கிசுகிசுத்தார். அவன் தலையணையில் காதை வைத்துப் பார்த்துவிட்டுப் பலமாகத் தலையாட்டி மறுத்தான். விரலை நீட்டிச் சாய்வு நாற்காலியைக் காட்டினான்.

முதலாளியம்மா தூங்கிப்போயிருந்தார். கையில் பேனா அப்படியே இருந்தது. தலை பின்னால் சரிந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. புர்ர்ர் என்று இன்னொரு முறை வந்தது. தூங்கினால்தானே குறட்டை வரும்? இத்தனை வருஷம் தூங்காத மனுஷிக்கும் குறட்டை உண்டென்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

மேடம் ஒரு கணம் அசந்துபோய் நின்றார். "இந்தத் தடயத்தை நான் தப்பாப் படிச்சிட்டேன் தம்பி" என்றார் மெதுவாக. "உன் பம்ப் யோக்கியம்தான்."

"அதே சத்தம்! இதைத்தான் சொன்னேன்! குழாய்!" என்று முதலாளி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். சத்தம் வந்த திசையில் திரும்பினார். திரும்பியவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

தந்தி வாயைத் திறந்தான். மேடம் முந்திக்கொண்டார்.

"அம்மா யோசனையில இருக்காங்க சார்."

முதலாளி எழுந்து, தன் தலையணையை எடுத்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்போடு பூனை மாதிரி நடந்து போனார். மனைவியின் தலையை ஒரு கையால் தாங்கி, தலையணையை அடியில் வைத்தார். பேனாவை விரல்களிலிருந்து உருவினார். தலையணை ஒரு பக்கம் எழும்பியது. சத்தம் நின்றது.

"தம்பி" என்றார் குரலே எழாமல். "ரெண்டாவது எப்ப ரெடியாகும்?"

"இன்னிக்கே ஆரம்பிச்சுடறேன் சார்."

"அதுவரைக்கும் இது அவகிட்டயே இருக்கட்டும்." செல்போனை எடுத்து ஆபீசுக்கு அழைத்தார். எதிர்முனையில் செகரெட்டரிக்கு ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை.

"பிளம்பரை வர வேண்டாம்னு சொல்லிடும்மா."